வழியனுப்பும் வார்த்தையை உடனே அனுப்பவும்

ட்ருகனினா, மெல்போர்ன்
ஐப்பசி முதல் வாரம்

மரியாதைக்குரிய மைத்துனர் கல்யாணசுந்தரம் அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் தங்கை மீனாம்பாளைக் கைப்பிடித்த நரசிம்மன் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நான், மீனாம்பாள், மகன் விவேக், மருமகள் ஸ்ருதி, பேத்தி ப்ரீத்தி ஆகிய ஐந்து பேரும் சௌக்கியம். ஐந்து பேருக்கு மேற்பட்டவர்களின் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அவ்விடம் மன்னார்குடியில் நீங்களும் சத்தியபாமா அக்காவும் உங்கள் முழங்கால் வலியும் எப்படி என்று விசாரிப்பது மரியாதை. விசாரித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் போனை எடுத்தாலே மீனாம்பாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காய் நறுக்க ஆரம்பித்துவிடுகிறாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கோயம்புத்தூர் வரை சிரிப்பார்கள். தவிர, இத்தாலிப் பயணம் முடிந்து வந்ததிலிருந்து அந்தப் போனைக் காதில் வைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. அதற்குக் காரணம் நீங்கள். போக்குவரத்துக் கழகத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்; ஆதாரம் இல்லாமல் யார்மேலும் ரிப்போர்ட் எழுதியது கிடையாது. இப்போது உங்கள்மேல் எழுதுகிறேன். செத்துப்போனவர்களையெல்லாம் என் வாயால் கூப்பிட வைத்துவிட்டு, வழியனுப்பும் வார்த்தையைச் சொல்லிக்கொடுக்காமல் லைனை வெட்டிவிட்டீர்கள். அதனால் இங்கே என் வீட்டில் ஆள் நிற்கிறது மச்சான். அந்த வார்த்தையைக் கொட்டை எழுத்தில் எழுதி, தீபாவளி அமாவாசைக்கு முன்னால் என் கைக்குக் கிடைக்கும்படி அனுப்ப வேண்டும். கடிதத்தின் சாராம்சம் இவ்வளவுதான். ஆனால் முழுவதும் படித்தால்தான் நீங்கள் பண்ணிவைத்திருக்கும் வேலை உங்களுக்கே புரியும்.

இங்கே பள்ளிக்கூடங்களுக்கு வசந்த விடுமுறை விட்டதும் விவேக் எல்லோரையும் இத்தாலிக்கு அழைத்துப் போவதாகச் சொன்னான். நான் காலண்டரைப் பார்த்தேன். புரட்டாசி அமாவாசை அந்தப் பயணத்துக்கு நட்ட நடுவில் விழுந்தது. அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட ஒரு கடல் வேண்டும், அதுவும் தெற்குப் பார்த்த கடலாக வேண்டும் என்றேன். "அப்பா, நாம டூர் போறோமா, திதி குடுக்கப் போறோமா?" என்று விவேக் தலையில் கைவைத்துக்கொண்டான். ஸ்ருதிதான் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, தெற்குக் கோடியில் எங்களுக்கு ஓர் ஊரைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். பெயர் வாயில் நுழையவில்லை. பின்பக்கத்து வேலிக்கு அந்தப் புறம் குடியிருக்கும் யோகாவிடம் சாவியைக் கொடுத்து, வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். யோகா யாழ்ப்பாணத்துக்காரி, ஆஸ்பத்திரியில் வேலை, தனியாக இருக்கிறாள். என்ன வாங்கி வரட்டும் என்று மீனாம்பாள் கேட்டதற்கு அவள், "சொக்கலேற்று ஒண்டும் வேண்டாம் அக்கா. அந்தக் கடற்கரையில கொஞ்ச மண் மட்டும் கொண்டு வாறியளோ?" என்றாள். என்னத்துக்கு என்று சொல்லவில்லை. பூந்தொட்டிக்காக இருக்கும் என்று நினைத்தேன்.

அந்தக் கடற்கரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தாலிக்காரர்கள் கடலைக் கூடப் பாத்தி கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். கரை முழுக்கக் குடை, நாற்காலி, உடை மாற்றும் அறை என்று வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். நடு நடுவே கொஞ்சம் இடம் மட்டும் பொதுமக்களுக்கு என்று விட்டிருக்கிறார்கள். நாங்கள் போனபோது சீசன் முடிந்துவிட்டது. வாடகைக் கரையில் குடைகளையெல்லாம் மடக்கிக் கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். அறைகளுக்குப் பலகை அடித்திருந்தார்கள். பொதுக்கரையில் ஒரு ஜீவன் இல்லை. காலை வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, ஆனால் சூடு இல்லை. காற்று இல்லை. ஒரு காகம் கூட இல்லை மச்சான். திதி கொடுக்கிற இடத்தில் காகம் இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது. கோடியக்கரையில் நாம் இலையைப் பிரிக்கும் முன்பே வந்து பிடுங்குமே, அந்த மாதிரி ஒன்றாவது வரும் என்று சோற்று உருண்டையை வைத்துக்கொண்டு பார்த்தேன். வரவில்லை. விவேக் காரை நிறுத்தப் போனான், பெண்கள் மேலே காப்பிக் கடையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் மணலுக்கு இறங்கினேன்.

மணலுக்கு இறங்கும் இடத்தில் ஒரு குட்டைச் சுவர் இருந்தது. அதன்மேல் வரிசையாகச் செருப்பு. ஷூ, சாண்டல், ரப்பர் செருப்பு, குழந்தைகள் போடுகிற பூப்போட்ட செருப்பு, எல்லாம் வெயிலில் வெளுத்துப்போய் வரிசையாக இருந்தன. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பரவாயில்லையே, இந்த ஊர்க்காரர்களும் கடலை மதித்துச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உற்றுப் பார்த்தால் எதற்கும் ஜோடி இல்லை. எல்லாமே ஒற்றை. அதற்கும் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கல்யாண மண்டபத்தில் நாம் ஒரு செருப்பை இந்தத் தூணிலும் மற்றதை அந்தத் தூணிலும் விடுவோமே, திருடன் எடுக்காமல் இருக்க, அதே சூட்சுமம். உலகம் முழுக்கச் செருப்புத் திருடன் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே, என் இடது செருப்பைச் சுவரின் இந்தக் கோடியிலும் வலது செருப்பை அந்தக் கோடியிலும், அந்த வரிசையோடு வரிசையாக வைத்துவிட்டு நடந்தேன். பாதி தூரம் போன பிறகுதான் தோன்றியது. இத்தனை செருப்பு இருக்கிறதே, ஆட்களை எங்கே காணோம்? கடலைப் பார்த்தேன். ஒரு தலை தெரியவில்லை. எல்லோரும் முழுகிக் குளிக்கிறார்கள் போலும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அப்புறம்தான் உங்களைக் கூப்பிட்டேன். பத்திரப் பதிவு ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நீங்கள் தமிழிலேயே சடங்கு செய்துவைக்கக் கற்றுக்கொண்டு, கனடாவுக்கும் லண்டனுக்கும் வீடியோவிலேயே திதி கொடுக்க வைக்கிறீர்கள் என்பதில் எனக்கும் பெருமைதான். குறை சொல்லவில்லை. போனை டிபன் பாக்ஸ்மேல் சாய்த்து வைத்தேன். தர்ப்பை மோதிரம் போட்டேன். ஓட்டலில் எடுத்த காகிதக் கோப்பையில் கடல் தண்ணீர், பொட்டலத்தில் கறுப்பு எள். "நரசிம்மா, தெற்கே பார்த்து உட்காருங்க" என்றீர்கள். உட்கார்ந்தேன். அடுத்த நிமிஷமே திரையில் உங்கள் முகம் கொட்டாவி விடுவது போல வாய் திறந்தபடி நின்றுவிட்டது. படம் போனாலும் பாதகமில்லை, குரல் வந்தால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். குரல் வந்தது. போனிலிருந்து வருவது போலவும் இருந்தது, தண்ணீர்ப் பக்கத்திலிருந்து வருவது போலவும் இருந்தது. இந்தப் போன் ஸ்பீக்கரே அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

இங்கேதான் என் முதல் புகார் ஆரம்பிக்கிறது. அப்பா, தாத்தா, முப்பாட்டன், அம்மா வழி எல்லாம் ஒழுங்காகச் சொல்ல வைத்தீர்கள். நான் சொல்லச் சொல்ல நீங்கள் "ம்" கொட்டினீர்கள். பிறகு யாரும் இல்லாதவர்களுக்கும் ஒரு கை தண்ணீர் விட வேண்டும் என்று வந்தபோது, "வடிவாக் கூப்பிடுங்கோ ஐயா. ஒருத்தரும் இல்லாத ஆக்கள் கனபேர் இஞ்ச நிக்கினம்" என்றீர்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னை எப்போது முதல் ஐயா என்று கூப்பிடுகிறீர்கள்? கனடாக்காரர்களுக்குச் செய்து செய்து பேச்சே மாறிவிட்டது, வாடிக்கையாளர் பேச்சு வாத்தியாருக்கு ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். 'இஞ்ச நிக்கினம்' என்றதும் அன்று மன்னார்குடியில் உங்கள் வாசலில் கூட்டம் அதிகம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அதனால் முழு மனசோடு, பஸ் ஸ்டாண்டில் கத்துகிற குரலில் கூப்பிட்டேன். தாய் இல்லாதவரே, தகப்பன் இல்லாதவரே, தேடுவார் இல்லாதவரே, பெயர் சொல்ல ஆளில்லாதவரே, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று எள்ளும் தண்ணீரும் விட்டேன். மச்சான், கடல் நின்றுவிட்டது. அலை அடிப்பது நின்றுபோய், தகடு மாதிரி அப்படியே நின்றது. என் கைத்தண்ணீர் மணலில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதோடு விட்டீர்களா? "சுஜீதன் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. தகப்பன் பேர் விக்னராஜா" என்றீர்கள். யார் என்று கேட்காமல் அந்தப் பெயரையும் சொல்லித் தண்ணீர் விட்டேன். விட்டதும், "போதும் ஐயா, எல்லாரும் வந்திட்டினம்" என்று சொன்னீர்கள். அவ்வளவுதான், பேச்சு மூச்சு இல்லை. வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது யார்? கடைசி ஸ்டாப்பில் எல்லோரையும் இறக்கிவிடாமல் டிரைவர் வீட்டுக்குப் போனால் எப்படி?

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு கிழவி ஓடி வந்தாள். ஓடி வந்தவள் சுவரில் இருந்த என் செருப்பைக் காட்டி ஏதோ கத்தினாள். என் காலைக் காட்டினாள். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். பின்னாலேயே வந்த விவேக் போனில் மொழிபெயர்க்க வைத்தான். போன் பொம்பளைக் குரலில் நிதானமாகச் சொல்லியது: இவை கடல் கொண்டுவந்து போட்டவை. படகு கவிழ்ந்து போனவர்களுடையவை. நான் எடுத்துக் கழுவி இங்கே வைக்கிறேன். யாராவது தேடிக்கொண்டு வந்தால் கொடுப்பேன். உயிரோடு இருக்கிறவர் இங்கே செருப்பு வைக்கக் கூடாது. நான் அந்தச் சுவரைப் பார்த்தேன். பூப்போட்ட குழந்தைச் செருப்பு என் கண்ணில் பட்டது. யாரும் இல்லாதவர்களே வாருங்கள் என்று, அந்தக் கரையில் நின்று, வேறு யாரை நான் கூப்பிட்டிருக்க முடியும்? "அப்பா, வாங்கப்பா, கார் நிறுத்தின டைம் முடிஞ்சுது" என்று விவேக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். காரில் ஏறிய பிறகுதான் பார்த்தேன். இடது செருப்பு என்னுடையது. வலது என்னுடையது இல்லை. நீல வார் போட்ட ரப்பர் செருப்பு, என் காலைவிட ஒரு விரல் சின்னது. திரும்பிப் போய் மாற்றலாம் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மாற்றுச் செருப்பும் கொண்டு போகவில்லை. அதே காலோடுதான் மெல்போர்ன் வந்து சேர்ந்தேன்.

இந்த நாட்டு விமான நிலையத்தில் வெளிநாட்டு மண் ஒரு சிட்டிகை கூட உள்ளே வரக் கூடாது. கடற்கரைக்குப் போன உண்மையை நான் எழுதிக் கொடுத்தேன். ஓர் அம்மாள் கையுறை போட்டுக்கொண்டு என் இரண்டு செருப்பையும் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். ஒரு மணல் துகள் இல்லை என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். யோகாவிடம் போய், சட்டப்படி மண் கொண்டுவர முடியாமல் போனதம்மா என்றேன். "சரி அண்ணை, சட்டம் எண்டால் சட்டம்தானே" என்றாள். முகம் மட்டும் வாடிப்போனது. ஆனால் எங்கள் வீட்டில் மறுநாள் காலையிலிருந்து மணல். வாசல் மிதியடியில் மணல், கூடத்தில் மணல். ஸ்ருதி வைத்திருக்கும் தானாகப் பெருக்கும் ரோபோ, காலியாக இருக்கும் கூடத்தின் நடுவில் முட்டி முட்டி நின்று, யாருடைய காலையோ சுற்றிக்கொண்டு போவது போல வளைந்து வளைந்து போகிறது. வயிற்றைத் திறந்தால் கடல் மணல். உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று அதையெல்லாம் ஊறுகாய் பாட்டிலில் சேர்த்து வைத்திருக்கிறேன். பாட்டில் கழுத்து வரை வந்துவிட்டது.

அடுத்தது சோபா. காலையில் எழுந்து பார்த்தால் சோபாவில் உட்காரும் இடத்தில் ஈரம். மூன்று இடத்தில், இடைவெளி விட்டு, வரிசையாக. இந்த வீட்டில் என்னைப் பற்றி என்ன முடிவு செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. மீனாம்பாள் எனக்கு மட்டும் சாயங்காலத்துக்கு மேல் காப்பியை நிறுத்தினாள். ஸ்ருதி சோபாமேல் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டாள். விவேக் என்னைத் தனியாக அழைத்து, "அப்பா, வயசானா இதெல்லாம் சகஜம்ப்பா" என்று தோளில் தட்டினான். அடேய், மூன்று இடத்தில் வரிசையாக ஈரம் பண்ணுவது ஒரு மனுஷனால் ஆகிற காரியமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டால், பின்னே யார் என்று கேட்பார்களே. அதனால் அந்தப் பழியை நானே சுமந்தேன். நக்கிப் பார்த்தேன் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். உப்பு. கடல் உப்பு.

டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். நான்காவது மாடி. விவேக் காரை நிறுத்திவிட்டு வருவதாகச் சொல்ல, நான் மட்டும் லிப்டில் ஏறினேன். கதவு மூடவில்லை. கிர்ரென்று சத்தம் போட்டு, சிவப்பு எழுத்தில் ஓவர்லோட் என்று காட்டியது. உள்ளே நான் ஒருத்தன். இறங்கினேன், சத்தம் நின்றபாடில்லை. நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க, கொஞ்ச நேரம் கழித்துக் கதவு தானாக மூடிக்கொண்டு, யாரும் பட்டனை அழுத்தாமலே லிப்ட் மேலே போயிற்று. எந்த மாடியில் நின்றதோ. நான் படியேறித்தான் போனேன். மூச்சிரைத்ததைப் பார்த்து டாக்டரம்மா இருதயத்தையும் சேர்த்துப் பரிசோதித்தாள். லிப்ட் விஷயத்தை மட்டும் மீனாம்பாளிடம் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன், ராத்திரி சோத்தைக் குறைங்கன்னு" என்றாள்.

கடைத்தெரு வளாகத்திலும் இதே கதைதான். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு எனக்குத் திறந்தது, நான் உள்ளே போன பிறகும் மூடவே இல்லை. எனக்குப் பின்னால் ஒரு கல்யாணக் கோஷ்டி வருவது போலத் திறந்தபடியே நின்றது. காவலாளி வந்து கதவைத் தட்டிப் பார்த்தான். நான் காய்கறி வாங்குகிற மாதிரி நின்று எட்டிப் பார்த்தேன். தரையில் ஈரத் தடம், ஒன்று அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம், சின்னச் சின்னத் தடம் இரண்டு பொம்மைக் கடைப் பக்கம் போயிற்று. அன்று வீட்டுக்கு வந்து பார்த்தால் சோபாவில் ஈரம் ஓரிடத்தில்தான். எனக்கு அப்போதுதான் புரிந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொள்கிறார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நாட்டைத் தேடி வந்தவர்கள், ஒரு நாட்டைக் கண்டதும் இறங்கிப் போய்விட்டார்கள். எத்தனையோ வித்தவுட்டைப் பிடித்து இறக்கிவிட்டவன் நான். இந்தச் சின்னத் தடத்தைப் பார்த்துக்கொண்டு, தக்காளிக் கூடையோடு அங்கேயே அழுதுவிட்டேன்.

ஆனால் ஒருத்தர் மட்டும் இறங்கவில்லை. அவர்தான் பிரச்சினை. அந்த நீல வார்ச் செருப்பை நான் ராத்திரி வாசலில் விட்டால், காலையில் அது பின்பக்கத்து வேலி ஓரத்தில் கிடக்கிறது. கொண்டுவந்து வாசலில் வைத்தேன், மறுபடி வேலி ஓரம். அலமாரியில் வைத்துப் பூட்டினேன், வேலி ஓரம். செருப்புக்குப் பக்கத்தில் புல் மட்டும் ஈரமாக, ஓர் ஆள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்ற மாதிரி மிதிபட்டிருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் யோகாவின் சமையலறை ஜன்னல். கல்யாணமாகாத பெண் தனியாக இருக்கிற வீட்டை நோக்கி நான் கூட்டிவந்த ஆள் நின்றுகொண்டிருந்தால், எனக்கு எவ்வளவு கெட்ட பெயர்! நேற்றுச் சாயங்காலம் ப்ரீத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து, தோட்டத்துக் கதவருகே ஆப்பிள் கடித்துக்கொண்டு நின்றாள். "தாத்தா, ஹூ இஸ் தட் அண்ணா?" என்றாள். எந்த அண்ணா என்றேன். வேலியைக் காட்டினாள். அங்கே வெயில்தான் இருந்தது. "முழுக்க நனைஞ்சிருக்காங்க. ஹி லுக்ஸ் லாஸ்ட்" என்று சொல்லிவிட்டு, மாடிக்குப் போய்விட்டாள். அவள் பயப்படவில்லை. நான்தான் கதவைத் தாழ் போட்டேன்.

குழந்தை கண்ணில் படுகிற அளவுக்கு வந்துவிட்டது, இனி தாங்காது. கூப்பிட்டவன் நான், பாதை தெரியாமல் நிற்க வைத்திருப்பவனும் நான். அந்த ஆளுக்கும் நிம்மதி இல்லை, எனக்கும் தூக்கம் இல்லை. ஆகையால் முதலாவது, வழியனுப்பும் வார்த்தையை ஒரு எழுத்து விடாமல் அனுப்புங்கள். அதைச் சொல்லி, செருப்பையும் கடலில் விட்டு, மரியாதையாக அனுப்பிவிடுகிறேன். இங்கே வெரிபீ பக்கம் கடல் இருக்கிறது. இரண்டாவது, நம் வம்சத்தில் சுஜீதன் என்று யார் இருந்தார், விக்னராஜா என்பவர் உங்கள் வழியா எங்கள் வழியா? என் அப்பாவின் பங்கில் யாருக்கோ தண்ணீர் விடச் சொன்னதற்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். மூன்றாவது, சடங்கு நடுவே லைனை வெட்டிவிட்டு இன்றுவரை ஒரு விசாரிப்பு இல்லை. என் சர்வீஸில் இந்த மாதிரி ஒருவர் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன். நீங்கள் பெண் கொடுத்தவர் என்பதால் கடிதத்தோடு விடுகிறேன்.

சத்தியபாமா அக்காவுக்கு என் வணக்கத்தையும், உங்கள் பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, எந்த நாட்டுக்குப் போனாலும் டிக்கெட் எடுத்துப் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசியையும் தெரிவிக்கவும். முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவவும். பதிலை மீனாம்பாள் பெயருக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காகப் பின்பக்கத்து வேலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்,
நரசிம்மன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதை எழுத வேண்டியதாகிவிட்டது. நான் கடிதம் எழுதுவதைப் பார்த்து ப்ரீத்தி, மன்னார்குடித் தாத்தாமேல் என்ன கோபம் என்று கேட்டாள். லைனை வெட்டியதை மட்டும் சொன்னேன். என் போனை வாங்கிப் பார்த்தாள். "தாத்தா, அன்னைக்கு கால் ஸ்டார்ட் ஆன உடனே கட் ஆயிடுச்சு. அப்புறம் மன்னார்குடித் தாத்தா திரும்பத் திரும்ப ட்ரை பண்ணியிருக்காங்க. எல்லாம் மிஸ்டு கால்" என்று திரையைக் காட்டினாள். தெற்கே பார்த்து உட்காரச் சொன்னதோடு சரி மச்சான். அதற்குப் பிறகு பேசியது நீங்கள் இல்லை. மேலே உங்களைத் திட்டியிருப்பதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, யோகா வாழைப்பழ ரொட்டி கொண்டுவந்தாள். சுஜீதன் என்று ஒருத்தன் பெயர் சொன்னான், உங்கள் பக்கத்தில் அப்படிப் பெயர் வைப்பதுண்டா என்று சும்மாதான் கேட்டேன். தட்டை மேசையில் வைத்தாள். "தகப்பன்ர பேரும் சொன்னவனோ?" என்றாள். சொன்னேன். கடற்கரையில் கேட்ட குரலைப் பற்றியும் சொன்னேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். "என்ர தம்பி. இத்தாலிக்கு எண்டு போட்டில வெளிக்கிட்டவன். அதுக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை. செத்தவன் எண்டு ஆரும் சொல்லேல்லை, அதால நான் ஒண்டும் செய்யேல்லை" என்றாள். குரல் எப்படி இருந்தது, களைத்துப்போய் இருந்ததா என்று கேட்டாள். இல்லையம்மா, சின்னப் பையன் குரல், என்னையே கொஞ்சம் அதிகாரம் பண்ணினான் என்றேன். "அவன் அப்பிடித்தான்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மீனாம்பாள் வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மீனாம்பாளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை. மணல் பாட்டிலை எடுத்து யோகா கையில் கொடுத்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு, "வேலியில ரெண்டு பலகையைக் கழட்டி விடுங்கோ அண்ணை. அவனுக்குச் சுத்தி வரத் தெரியாது" என்றாள்.

விவேக் ஏன் எதற்கு என்று கேட்காமல் பலகையைக் கழற்றிக் கொடுத்தான். நீல வார்ச் செருப்பு இப்போது வேலி ஓரத்தில் இல்லை, அந்தப் பக்கத்துப் படிக்கட்டில் இருக்கிறது. ஆகையால் வழியனுப்பும் வார்த்தையை அனுப்ப வேண்டாம் மச்சான். உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் எனக்குச் சொல்ல வேண்டாம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே யோகா வீட்டுச் சமையலறையில் தாளிக்கிற சத்தம் கேட்கிறது. நடுவில் அவள் யாரையோ அதட்டுகிறாள்: "ஈரக் காலோட உள்ளுக்கு வராதை எண்டு எத்தினை தரமடா சொல்லுறது?"